ஒலி ஏறும்போது ஆம்ப் ஏன் அணைகிறது?

சென்னையை அடுத்த நாவலூரில் ஓஎம்ஆர் ஓரமாக எழுந்து நிற்கும் அடுக்ககங்களில், டிவிக்குக் கீழே ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரோ ஹோம் தியேட்டர் ரிசீவரோ வைத்திருக்கும் வரவேற்பறைகள் உண்டு. சில வீடுகளில் அது புதிதாக வாங்கியது. சில வீடுகளில் தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ இருக்கும் பெற்றோர் வீட்டிலிருந்து வந்து சேர்ந்த பழைய பெட்டி. இவற்றில் பலவற்றுக்கு ஒரு புதிரான பழக்கம் உண்டு. காலையில் பக்திப் பாடல், மாலையில் செய்தி என்று நாள் முழுக்கச் சின்ன ஒலியில் சலிக்காமல் ஓடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு குத்துப்பாட்டைப் போட்டு ஒலியை ஏற்றினால், மேளம் இறங்குகிற இடத்தில் உள்ளே ‘டிக்’ என்று ஓர் ஓசை கேட்கும், பாட்டு நின்றுவிடும். ஸ்விட்சை அணைத்து ஐந்து நிமிடம் விட்டுப் போட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி பாடும். உண்மையிலேயே கெட்டுப்போன பொருள் இப்படி நேரம் பார்த்து நடந்துகொள்ளாது. ஆனாலும் கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கேட்கக் கிடைப்பது “ஐசி போயிருக்கும் சார்” அல்லது “இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க, புதுசா வாங்கிடுங்க” என்ற தீர்ப்புதான். அந்தத் தீர்ப்புக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய சாட்சி ஒன்று இருக்கிறது. ஆம்ப் எப்போது, எப்படி அணைகிறது என்பதே அந்தச் சாட்சி. அதைக் கவனித்தால் காரணம் பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே இருப்பது தெரியவரும்.

முதலில், ஒலியை ஏற்றுவது என்றால் ஆம்ப்பிடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதைப் பார்ப்போம். நம் காது ஒலியை அளக்கும் விதமும் மின்சாரம் செலவாகும் விதமும் ஒன்றுக்கொன்று ஈடாக ஓடுவதில்லை. ஒலியின் அளவைச் சொல்லும் அலகு டெசிபல். வீட்டில் வைக்கும் சாதாரண ஸ்பீக்கர் ஒன்று, ஒரே ஒரு வாட் மின்திறனில், ஒரு மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 88 டெசிபல் ஒலி தரும். பேச்சும் மெல்லிய பாட்டும் கேட்க ஒரு வாட்கூடத் தேவைப்படாது என்பதே இதன் பொருள். நாள் முழுக்க ஓடும்போது ஆம்ப் கிட்டத்தட்ட சும்மாவே இருக்கிறது. இப்போது அதே பாட்டு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு மின்திறன் பத்து மடங்காக வேண்டும். இன்னொரு இரண்டு மடங்குக்கு இன்னொரு பத்து. 1 வாட்டிலிருந்து 10, 10-லிருந்து 100 என்று ஏறும் கணக்கு இது. கைக்கு ஒரு சின்னத் திருப்பு, காதுக்கு நான்கு மடங்கு, ஆம்ப்புக்கோ இருந்ததைப்போல் நூறு மடங்கு வேலை. பேஸ் குமிழுக்கும் இதே கணக்குதான். அதை 10 டெசிபல் முறுக்கிவிட்டால் அடித்தொனிகளுக்கு மட்டும் பத்து மடங்கு திறனைக் கேட்டதாகிறது. ஒலிக் குமிழைத் தொடவே இல்லையே என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

இந்தத் திறன் எந்த வடிவத்தில் ஸ்பீக்கருக்குப் போகிறது? ஆம்ப் தன் வெளியீட்டு முனைகளில் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கித் தருகிறது. அந்த அழுத்தத்துக்கு எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதை ஆம்ப் தீர்மானிப்பதில்லை; எதிர்முனையில் மாட்டியிருக்கும் ஸ்பீக்கர்தான் தீர்மானிக்கிறது. ஜெர்மனியின் ஓம் 1827-ல் வெளியிட்ட உறவு இதுவே: எதிர்ப்பு குறைந்தால், அதே அழுத்தத்துக்கு ஓட்டம் கூடும். ஸ்பீக்கரின் எதிர்ப்பு, ஒலியின் அதிர்வெண்ணைப் பொறுத்து மாறுவதால் அதை மின்மறுப்பு என்கிறோம். கடையில் இம்பீடன்ஸ் என்பார்கள், அளப்பது ஓமில். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 20 வோல்ட் கொடுத்தால் இரண்டரை ஆம்பியர் ஓடும், 50 வாட் கிடைக்கும். குமிழை அதே இடத்தில் வைத்துவிட்டு 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் 5 ஆம்பியர். ஆம்ப்பின் பின்புறம் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு ஜோடி முனைகள் இருப்பதைப் பார்த்துப் படுக்கையறைக்கும் ஒரு ஜோடி இழுத்து, ‘ஏ+பி’ பட்டனை அழுத்துகிறோம். பெரும்பாலான ஆம்ப்களில் அந்தப் பட்டன் இரண்டு ஜோடிகளையும் பக்க இணைப்பில் சேர்க்கிறது. இரண்டு 8 ஓம் சேர்ந்தால் 4. இரண்டு 4 ஓம் சேர்ந்தால் 2. அந்த 2 ஓம் சுமைக்கு, அதே 20 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடியாக வேண்டும். வீட்டு ஆம்ப் பலவற்றால் அது முடியாது.

ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம் என்றுதானே அச்சடித்திருக்கிறது, அப்புறம் என்ன என்று கேட்கலாம். அந்த எண் ஒரு சுருக்கக் குறிப்பு மட்டுமே. ஒரே ஸ்பீக்கரின் மின்மறுப்பை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் அளந்து வரைந்தால் கோடு நேராக இருக்காது. அடித்தொனியில், கூம்பு இயல்பாக அதிரும் இடத்தில், 30 ஓம் வரைகூட ஏறும். அதைத் தாண்டியதும் சரிந்து, எழுதியிருப்பதற்கும் கீழே 5, 6 ஓம் என்று வந்து நிற்கும். மேளத்தின் அடிச்சத்தமும் பேஸ் கிடாரும் வாழும் பகுதியை ஒட்டியே இந்தச் சரிவு பெரும்பாலும் இருக்கிறது. ஒரு மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஆம்ப்பிலிருந்து கழற்றிய 8 ஓம் ஸ்பீக்கரின் முனைகளில் தொட்டுப் பாருங்கள்: 6-ஐ ஒட்டி ஏதாவது காட்டும். நேர்மின்சாரத்துக்குச் சுருளின் செம்புக் கம்பி தரும் தடை அது. மின்மறுப்பு ஏறக்குறைய அதுவரை இறங்கக்கூடும். நல்ல 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரையை ஒட்டிக் காட்டும். 8 ஓம் என்று எழுதிய பெட்டி 2 காட்டினால் உள்ளே சுருள் கருகிச் சுற்றுகள் ஒட்டியிருக்கலாம், அல்லது யாரோ உள்ளே கூடுதல் ஸ்பீக்கரை இணைத்திருக்கலாம். சில நூறு ரூபாய் கருவியால், மூடியைத் திறக்காமலே, இவ்வளவும் தெரிந்துவிடுகிறது.

கேட்கப்படும் மின்னோட்டத்தை ஆம்ப் முடிந்தவரை கொடுத்துப் பார்க்காமல் ஏன் ‘டிக்’ என்று விலகிக்கொள்கிறது? இதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. வால்வு காலத்து ஆம்ப்களில், அதிகச் சுமை வந்தால் வால்வின் உள்தகடு சிவந்து ஒளிரும். ஆள் ஓடிவந்து அணைக்கும்வரைகூடப் பல சமயம் தாங்கும். 1947-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், அறுபதுகளில் வீட்டு ஆம்ப்களுக்குள் வந்தபோது அந்த அவகாசம் போய்விட்டது. உண்மையில் வேலை செய்யும் சிலிக்கான் துண்டு சில மில்லிமீட்டர் அகலம்தான். அதில் ஓரிடம் மற்ற இடங்களைவிடச் சூடேறினால், அந்த இடமே கூடுதலாக மின்சாரத்தைக் கடத்தும். கடத்தக் கடத்த இன்னும் சூடாகும். மில்லிவிநாடிகளில் அங்கே துளை விழுந்ததுபோல் உருகிவிடும். கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் எரிவதற்கோ, அதன் அளவைப்போல் இரண்டு மடங்கு ஓட்டத்தில், விநாடிகளும் சில சமயம் நிமிடங்களும் ஆகும். ஃபியூஸ் போவதற்குள் டிரான்சிஸ்டர் போய்விடும். ஆகவே வடிவமைப்பாளர்கள், வெளியீட்டு டிரான்சிஸ்டர்களின் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் ஓயாமல் அளந்து, எல்லை தாண்டும் கணத்தில் சிக்னலை நிறுத்துகிற, அல்லது ரிலேயைத் திறந்து ஸ்பீக்கரைத் துண்டிக்கிற பாதுகாப்புச் சுற்றைச் சேர்த்தார்கள். ஜப்பானிய ஆம்ப்கள் பலவற்றில் என்இசி நிறுவனத்தின் யுபிசி1237 என்ற சின்ன ஐசி இந்தக் காவலைப் பார்த்தது. ஸ்விட்ச் போட்ட சில விநாடிக்குப் பின் ‘டிக்’ என்று ரிலே ஒட்டியபிறகே பாட்டு வருகிறதே, அதுவும் இந்தக் காவலின் வேலைதான்.

இந்தக் காவல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அருமையான ஒப்பு, அதே ஃபிளாட்டின் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் எம்சிபி. அந்தச் சிறு பெட்டிக்குள் இரண்டு தனித்தனி அமைப்புகள் உண்டு. ஒன்று, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. கீசரும் ஏசியும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே சுற்றில் ஓடினால், கொஞ்சம் கூடுதலான ஓட்டத்தில் அது மெல்லச் சூடாகி வளைந்து, சில நிமிடங்களில் தட்டிவிடும். மற்றது ஒரு காந்தச் சுருள். வயர் ஒன்றோடொன்று ஒட்டி ஓட்டம் ஐந்து, பத்து மடங்காகப் பாய்ந்தால், அது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தட்டிவிடும். ஆகவே எம்சிபி விழுந்ததும் எலக்ட்ரீஷியன் முதலில் கேட்பது “போட்ட உடனே விழுதா, கொஞ்ச நேரம் கழிச்சு விழுதா?” என்பதே. அந்தக் கேள்வியிலேயே பாதி நோயறிதல் முடிந்துவிடுகிறது. ஆம்ப்பின் காவலும் இதே இரட்டைக் குணம் கொண்டது. உடனடி ஓட்டத்துக்கு ஒரு காவல், சேர்ந்துகொண்டே போகும் வெப்பத்துக்கு இன்னொன்று. ஆகவே ஆம்ப்பிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம். மேளம் அடித்த அந்தக் கணத்தில் அணைகிறதா? இருபது நிமிடம் பாடிவிட்டு அணைகிறதா? கூடவே இன்னொன்று: அணைந்தபின் முன்பலகை விளக்கு எரிகிறதா, அதுவும் செத்துப்போகிறதா?

மேளம் விழும் கணத்திலேயே, பெட்டி குளிர்ச்சியாக இருக்கும்போதே அணைகிறது, விளக்கு எரிந்துகொண்டோ மின்னிக்கொண்டோ இருக்கிறது என்றால் அது ஓட்டக் காவல். குற்றவாளியைப் பிடிக்கத் தேவையான முறை, எந்த அறிவியல் சோதனையிலும் இருப்பதுதான்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ஆம்ப்பை அணைத்துவிட்டு எல்லா ஸ்பீக்கர் வயர்களையும் கழற்ற வேண்டும். பிறகு இடது முனையில் ஒரே ஒரு ஸ்பீக்கரை, கையில் இருக்கும் வேறு நல்ல வயரால் இணைத்து, அதே பாட்டை அதே அளவில் போட வேண்டும். அணையவில்லையா? வலது முனையில் அதே ஸ்பீக்கர், அதே வயர். பிறகு மற்ற ஸ்பீக்கர். பிறகு பழைய வயர். அணையும் பழக்கம் ஸ்பீக்கரையோ வயரையோ பின்தொடர்ந்து இடம் மாறினால், நோய் வெளியே. எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் ஒரே பக்கத்தில்தான் அணைகிறது என்றால், நோய் உள்ளே. வயரில் தேட வேண்டிய இடங்கள் தெரிந்தவையே: முனையில் முறுக்காமல் விட்ட செம்பு இழை ஒன்று பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருப்பது, சோபாவின் காலுக்கு அடியிலோ கதவிடுக்கிலோ நசுங்கிய இடம், சுவரில் ஆணி அடித்த இடம். முழுதாக ஒட்டிய வயர் சின்ன ஒலியில் சும்மா இருக்குமா என்ற ஐயம் நியாயமானது. அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும்வரை, மிகக் குறைந்த எதிர்ப்பிலும் ஓட்டம் எல்லைக்குள் நிற்கக்கூடும். ஆகவே அணையும் இடம் குமிழின் எந்தப் புள்ளி என்பதும் ஒரு தடயம். குமிழ் கொஞ்சம் அசைந்ததுமே அணைந்தால் ஏறக்குறைய ஒட்டிய வயர். பாதியைத் தாண்டி அணைந்தால் 4 ஓம் சுமையோ முறுக்கிவிட்ட பேஸோ. பேஸ் குமிழை நடுவில் வைத்தால் அதே ஒலியில் அணையவில்லை என்றால், எதையும் கழற்றாமலே விடை வந்துவிட்டது. வீட்டில் தனி மின்னிணைப்புள்ள சப்வூஃபர் இருந்தால், ரிசீவரின் அமைப்பில் முன் ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என்று வைத்து, 80 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள அடித்தொனிகளை அதற்குத் தள்ளிவிடலாம். சுமையின் பெரும்பங்கு ஆம்ப்பின் தோளிலிருந்து இறங்கிவிடும்.

நன்றாகப் பாடி, இருபது நிமிடமோ ஒரு மணி நேரமோ கழித்து அணைந்து, ஆறியதும் மீண்டால் அது வெப்பம். வீட்டு ஸ்டீரியோ ஆம்ப்களில் பெரும்பான்மை ‘கிளாஸ் ஏபி’ வகை. இவை எடுக்கும் மின்சாரத்தில் ஒரு பங்குதான் ஒலிக்குப் போகிறது, மீதி டிரான்சிஸ்டரில் வெப்பமாகிறது. முழு ஒலியில்தான் அதிகம் சூடாகும் என்று தோன்றும்; அது சரியில்லை. முழு வீச்சில் டிரான்சிஸ்டர் ஏறக்குறைய முழுதும் திறந்தோ மூடியோ இருக்கிறது. இடைநிலையில்தான் அழுத்தமும் ஓட்டமும் ஒருசேர அதன்மீது விழுகின்றன. கணக்குப்படி முழுத் திறனின் 40 விழுக்காட்டை ஒட்டித்தான் வெப்பம் உச்சம். இதற்கு ஒரு பொதுச் சான்றும் உண்டு. ஆம்ப் தயாரிப்பாளர்கள் வாட் கணக்கை ஊதிப் பெருக்குவதைத் தடுக்க, அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-ல் ஒரு விதி கொண்டுவந்தது. அளப்பதற்கு முன்னால் ஆம்ப்பை அதன் திறனில் மூன்றில் ஒரு பங்கில் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும் என்றது அது. முழுத் திறனைக் கொஞ்ச நேரம் அனாயாசமாகத் தந்த ஆம்ப்கள் அந்த மூன்றிலொரு பங்கில் திணறின. தயாரிப்பாளர்கள் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். 2000-ல் அந்தப் பங்கு எட்டில் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. விருந்தின்போது சுமாரான உரத்த ஒலியில் மணிக்கணக்கில் ஓடுவதே ஆம்ப்புக்குக் கடினமான வேலை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அந்த வெப்பம் வெளியேறும் வழி ஒரு சங்கிலி. சிலிக்கானிலிருந்து டிரான்சிஸ்டரின் உடலுக்கு, அங்கிருந்து மைக்காத் தகடும் வெள்ளைப் பசையும் வழியாக அலுமினிய ஹீட் சிங்குக்கு, அதிலிருந்து காற்றுக்கு. ஒவ்வொரு கண்ணியிலும் சில டிகிரி கூடுகிறது. கடைசிக் கண்ணியான காற்றின் வெப்பநிலைதான் மொத்தக் கணக்குக்கும் அடித்தளம். ஏசி ஓடும் 25 டிகிரி அறையில் பிழைத்துக்கொள்ளும் ஆம்ப், மே மாதத்தில் மீனம்பாக்கம் 40 டிகிரியைத் தாண்டும் நாளில், கண்ணாடிக் கதவு சாத்திய டிவி யூனிட்டுக்குள், மேலே செட்டாப் பாக்ஸையும் சுமந்துகொண்டு, எல்லையைச் சீக்கிரமே தொட்டுவிடும். எல்எம்3886 என்ற பரவலாகப் பயன்பட்ட ஆம்ப் ஐசியின் உள்ளேயே இந்தக் காவல் இருக்கிறது. சிலிக்கான் 165 டிகிரியை எட்டினால் தானே நின்றுகொள்ளும். 155 அளவுக்கு இறங்கினால் தானே தொடங்கும். பாட்டு விட்டுவிட்டு வருவது போன்ற ஒரு குறி இந்த வகை ஆம்ப்களில் தென்படுவது இதனால்தான். சோதனை மிக எளிது. பெட்டியை யூனிட்டிலிருந்து வெளியே எடுத்து, மேலே இருப்பதை இறக்கிவிட்டு, மேல் துளைகளின்மீது ஒரு டேபிள் ஃபேனை ஓடவிட்டு, அதே பாட்டை அதே நேரம் ஓட்டுங்கள். அணைவது நின்றுபோனாலோ வெகுவாகத் தள்ளிப்போனாலோ வெப்பம்தான் காரணம் என்று ஐயமில்லாமல் சொல்லலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. நம் ஊரில் இப்படிச் சரியாகிவிடக்கூடிய பெட்டிகள், பழுது என்று முத்திரை குத்தப்பட்டுக் காயலான் கடைக்குப் போவதுதான் வருத்தம் தருகிறது.

மூன்றாவது வகை, விளக்கும் சேர்ந்து அணைவது. ரிலே விலகியதாக இருந்தால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பெட்டியே செத்துப் பிழைக்கிறது என்றால் உள்ளே வரும் மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு பக்கமும் 100 வாட் கொடுக்கும் ஆம்ப், உச்சத்தில் வீட்டு மின்சாரத்திலிருந்து 300 வாட்டுக்கு மேல் இழுக்கும், அதுவும் ஒரே சீராக இல்லாமல் மேளத்துக்கு மேளம் துள்ளித் துள்ளி. கம்ப்யூட்டருக்கு வாங்கிய 600 விஏ யுபிஎஸ்ஸிலோ, டிவிக்கான சின்ன ஸ்டெபிலைசரிலோ அதை மாட்டியிருந்தால், அணைவது யுபிஎஸ்ஸாக இருக்கலாம், பழி ஆம்ப்மீது விழும். கரண்ட் போய் அடுக்ககத்தின் ஜெனரேட்டர் ஓடும்போது ஒரு ஃபிளாட்டுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருப்பதும் உண்டு. தளர்ந்த பிளக், மெல்லிய வயருள்ள நீண்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டும் இதே விளைவைத் தரும். ஆம்ப்பை நேராகச் சுவரில் உள்ள 15 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டிப் பார்ப்பதே முதல் சோதனை. அழுத்தத்தை எண்ணில் காட்டும் ஸ்டெபிலைசர் அதே அறையில் இருந்தால், மேளம் விழும்போது 230-ஐ ஒட்டிய எண் எவ்வளவு சரிகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது: பெட்டியில் 1000 வாட் என்று எழுதியிருக்கிறதே, நான் கேட்பது அதில் கால் பங்குகூட இல்லையே? அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பிஎம்பிஓ என்ற எழுத்துகள் இருந்தால் அதை மறந்துவிடலாம். அதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எந்தத் தரநிலையும் கிடையாது. பின்புறத் தகட்டில், 230 வோல்ட்டில் அந்தப் பெட்டி எத்தனை வாட் எடுத்துக்கொள்ளும் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அங்கே 60 வாட் என்று இருந்தால், 60 வாட் எடுத்து 1000 வாட்டைத் தொடர்ந்து தர இயற்கையில் வழியில்லை. நம்ப வேண்டிய எண் ஆர்எம்எஸ் கணக்கில், இத்தனை ஓமுக்கு என்ற குறிப்போடு இருக்கும்.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது: இதே ஸ்பீக்கர், இதே வயர், இதே யூனிட்டில் ஐந்து வருடம் ஓடியதே, இப்போது மட்டும் ஏன்? எல்லையில் நின்று ஓடிய ஆம்ப்புக்கு, எல்லை மெல்ல உள்ளே நகர்ந்துவந்ததுதான் காரணம். ஹீட் சிங்கின் இடுக்குகளில் தூசி படிகிறது. வெள்ளைப் பசை காய்ந்து வெப்பத்தைக் கடத்தாமல் போகிறது. மின்சாரத்தைத் தேக்கி வைத்து மேளத்தின் துள்ளலுக்கு ஈடுகொடுக்கும் பெரிய கெபாசிட்டர்கள் உலர்கின்றன. பத்து டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. சென்னைச் சூட்டில், மூடிய யூனிட்டுக்குள் கழிந்த ஐந்து வருடம், குளிர்நாட்டு ஐந்து வருடத்துக்குச் சமமாகாது. ஆகவே ஒன்றும் மாறவில்லை என்று நாம் நினைக்கும் இடத்தில் பல சிறு மாற்றங்கள் ஒரே திசையில் கூடியிருக்கின்றன. வெளியே சுமையைக் குறைத்தால் இழந்த இடைவெளி திரும்பக் கிடைக்கும். உள்ளே தூசியை ஊதிப் பசையைப் புதுப்பித்தால் இன்னும் கிடைக்கும்.

மூன்றாவது, எதிர்வாதம் என்பதைவிட ஒரு வழக்கம்: “அந்த புரொடெக்ஷனை எடுத்துட்டா சரியாயிடும்.” ரிலேயின் முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது, அடிக்கடி போகும் ஃபியூஸின் இடத்தில் பெரியதையோ செம்புக் கம்பியையோ வைப்பது. இதை நான் கடுமையாக மறுக்கிறேன். பாதுகாப்புச் சுற்றே சில சமயம் பழுதாகும் என்பது உண்மை. அதன் சின்னக் கெபாசிட்டர் உலர்ந்து காரணமில்லாமல் ரிலேயைத் திறக்கலாம். அதைக் கண்டறிய வழி இருக்கிறது: ஸ்பீக்கர் எதுவும் மாட்டாமல், பெட்டி குளிர்ந்திருக்கும்போது, ஒலியே இல்லாமலும் ரிலே விலகினால், வெளிச்சுமையின்மீது பழி போட முடியாது, வெளியீட்டு டிரான்சிஸ்டரோ காவல் சுற்றோதான் காரணம். ஆனால் இரண்டில் எது என்று தெரியாமல் காவலை நீக்குவது ஆபத்து. வெளியீட்டு டிரான்சிஸ்டர் ஒன்று உருகி ஒட்டிவிட்டால், மின்வழங்கியின் 40, 50 வோல்ட் நேர்மின்சாரம் அப்படியே ஸ்பீக்கரில் பாயும். நேர்மின்சாரத்துக்குக் கூம்பு அதிராது. ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கும், சுருள் அடுப்புச் சுருள்போல் காய்ந்து எரியும். திரையும் மரமும் பஞ்சும் உள்ள பெட்டியில் அது தீயாக மாற அதிக நேரம் ஆகாது. ரிலே இருப்பதே முதன்மையாக அந்த ஒரு விபத்தைத் தடுக்கத்தான்.

இந்த இடத்தில், குழப்பிக்கொள்ளக் கூடாத ஒரு குறியையும் சொல்ல வேண்டும். நாவலூருக்கும் கடலுக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாயும் சில கிலோமீட்டரும்தான். உப்பு ஈரம் கலந்த காற்றில் ரிலேயின் தொடு முனைகள் கறுத்துப்போவது உண்டு. அப்போது ஒரு பக்கப் பாட்டு சின்ன ஒலியில் காணாமல் போகும். ஒலியை ஏற்றினால் அழுத்தம் அந்தக் கறையை உடைத்துக்கொண்டு பாய்ந்து, பாட்டு திரும்பிவரும். நாம் பேசிக்கொண்டிருக்கும் நோய்க்கு நேரெதிர் இது. ஏற்றினால் வருகிறதா, ஏற்றினால் போகிறதா என்ற ஒரு வித்தியாசமே முனையைத் துடைப்பதா சுமையைக் குறைப்பதா என்பதைச் சொல்லிவிடும்.

சோதனைகளெல்லாம் நோய் உள்ளேதான் என்று காட்டினால், மூடியை வீட்டில் திறக்க வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது “ஓடல” என்று மட்டும் சொல்வதைவிட, எந்தப் பக்கம், எந்த ஓம் ஸ்பீக்கரில், குளிர்ந்திருக்கும்போதா சூட்டிலா, விளக்கு எரியும்போதா அணைந்தா என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பது அவருடைய அரை நாளை மிச்சப்படுத்தும். அனுபவமுள்ள மெக்கானிக் பெட்டியை நேராகக் கரண்டில் மாட்ட மாட்டார். இழை உள்ள 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துத்தான் மாட்டுவார். உள்ளே ஒட்டுதல் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து, ஓட்டத்தைத் தானே தடுத்துக்கொள்ளும். புதிதாகப் போட்ட டிரான்சிஸ்டர்கள் பிழைக்கும். உள்ளே எல்லாம் சரி என்றால், கெபாசிட்டர் நிரம்பும் ஒரு கணம் மின்னிவிட்டு மங்கிவிடும். மாற்றும் டிரான்சிஸ்டரிலும் கவனம் வேண்டும். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 போன்ற புகழ்பெற்ற எண்களை மேலே அச்சிட்டு, உள்ளே சிறிய சிலிக்கான் வைத்த போலிகள் உலகெங்கும் சந்தையில் புழங்குகின்றன. சின்ன ஒலியில் அவை அசல்போலவே பாடும். உரத்த ஒலியில்தான் போலி என்று தெரியும், அதுவும் தெரிகிற கணத்திலேயே போய்விடும். ஆகவே பழுது பார்த்த ஆம்ப்பைக் கடையின் சின்ன ஸ்பீக்கரில் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு வாங்கி வரக் கூடாது. மூடியைப் பூட்டி, நம் வீட்டுச் சுமைக்குச் சமமான ஓமில், ஒலியைப் பாதிக்கு மேல் வைத்து, அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.